அத்தை வண்டியைக் கிளப்பிய காலை

எங்கள் அத்தைக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. அரசாங்க வேலைக்கான பரீட்சைக்கு அவள் மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். மாவு பிசையும்போது ஆறுகளின் பெயர்கள், எனக்குத் தலை பின்னும்போது போர்கள் நடந்த வருஷங்கள் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பின்னல் இறுகினால் ஏதோ ஒரு போரின் வருஷம் மறந்துபோய்விட்டது என்று அர்த்தம். நான் வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருப்பேன். வருஷம் ஞாபகம் வந்ததும் கை தானாகத் தளரும்.

பரீட்சை நாளன்று காலையில் அந்த நம்பிக்கை பக்தியாகவே மாறிப்போனது.

அத்தை அப்பாவுக்குப் பதினாறு வயது இளையவள். அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப்பின் அவளை வளர்த்தது அப்பாதான். கல்லூரிக்கு அனுப்பினார், பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று விட்டார். ஆனால் மூன்றாவது தடவைதான் கடைசித் தடவை என்றும் சொல்லியிருந்தார். தீபாவளி கழித்துப் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை எல்லாம் உள்ள குடும்பம். பரீட்சை நல்லபடியாக அமைந்தால் அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம் என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். அமையாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை.

அப்பா ஒரு நூல் மில்லில் டைம் கீப்பர். யாராவது அவரிடம் 'அஞ்சு நிமிசத்துல வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர்கள் ஏழு நிமிஷத்தில் வந்தால் ஏழு என்று சொல்வார். கோபமாகச் சொல்ல மாட்டார், தகவலாகச் சொல்வார். வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்குப் பயணத்தையும் முந்தின நாளே காகிதத்தில் எழுதிவைத்திருந்தார். ஏழே காலுக்குப் புறப்பாடு. எட்டே முக்காலுக்குக் கோயமுத்தூர் உக்கடத்தில் இருக்கிற பரீட்சைப் பள்ளிக்கூடம். ஒன்பதரைக்குக் கேட்டை மூடுவார்கள். நடுவில் முக்கால் மணி நேரம் கையிருப்பு.

அம்மா தம்பியைப் பெற்றெடுக்கக் காரமடையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். என்னைத் தனியாக விட முடியாது என்பதால் நானும் அவர்களோடு போவதாக ஏற்பாடு. எனக்கு உக்கடம் குளத்தைக் காட்டுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே அந்தப் பயணம் எனக்காகத்தான் என்றும், போகிற வழியில் அத்தையைப் பரீட்சையில் இறக்கிவிடப்போகிறோம் என்றும்தான் நான் நினைத்திருந்தேன்.

அப்பாவின் மோட்டார் சைக்கிளில் டேங்கின் மேல் நான், அப்பா, பின்னால் அத்தை. அவள் மடியில் பிளாஸ்டிக் பைல். அதற்குள் ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும். எங்கள் வீடு அவிநாசிக்குத் தெற்கே இருந்தது. கோயமுத்தூர் போகிற பெரிய ரோட்டில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்; ஞாயிற்றுக்கிழமை, அதுவும் முகூர்த்த நாள், வண்டிகள் நகராமல் நிற்கும். ஆகவே ரயில் பாதைக்கு அடியில் புகுந்து உள்ரோடுகள் வழியாகப் போய்த் திருச்சி ரோட்டைப் பிடித்துவிடுவது என்பது அப்பாவின் திட்டம். காகிதத்தில் அதற்கும் நிமிஷம் குறித்திருந்தார். ஐப்பசி மாதத்து மழையைத்தான் குறித்துக்கொள்ளவில்லை.

ரயில் பாலத்தடியில் தண்ணீர் தேங்கி நின்றது. காப்பி நிறத்தில், அசையாமல், எவ்வளவு ஆழம் என்று சொல்லாமல் நின்றது. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு டெம்போ வந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏறிப்போனது. அதன் டயரில் பாதிதான் நனைந்தது. அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியைத் தண்ணீரில் இறக்கினார்.

நட்டநடுவில் வண்டி இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை இருமுவதற்கு முன் நின்றுபோனது.

அப்பாவும் அத்தையும் இறங்கி முழங்கால் தண்ணீரில் தள்ளினார்கள். அத்தை பைலைத் தலைமேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினாள். நான் மட்டும் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேட்டுக்கு வந்ததும் அப்பா உதைக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் சோளக்காடு, தூரத்தில் தென்னந்தோப்பு, ஆள் நடமாட்டமில்லாத ரோடு. உதைகளை நான் எண்ணினேன். இருபதில் அப்பா சோக்கை இழுத்தார். முப்பதில் சோக்கைத் தள்ளினார். நாற்பதில் அவருடைய ஒரு செருப்பு கழன்று ரோட்டோரம் போய் விழுந்தது. நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். அறுபதில் நிறுத்தினார்.

அந்த வண்டியை அப்பா ஒவ்வொரு ஞாயிறும் துணி போட்டுத் துடைப்பார். அதன் வெளிப்புறத்தில் அவருக்குத் தெரியாத கீறல் கிடையாது. உள்ளே நடப்பது கடவுளுக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று விட்டிருந்தார்.

"மணி எட்டு ஏழு," என்றார் அப்பா. எட்டே முக்காலுக்குள் அங்கிருந்து கிளம்பாவிட்டால் கேட் மூடிவிடும் என்று அவரே சொன்னார். முக்கால் மணிக் கையிருப்பு கரையத் தொடங்கியிருந்தது.

அப்போது எதிரே மொபெட்டில் ஒரு பால்காரர் வந்து நின்றார். இரண்டு பக்கமும் கேன்கள் தொங்கின. அத்தையை ஏற்றிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் விட முடியுமா என்று அப்பா கேட்டார். கேன்களைக் காட்டி, பாலை இறக்கிவைக்க இடமில்லை என்று அவர் ரொம்ப வருத்தப்பட்டார். இந்த ரோட்டில் வருகிற ஒரே டவுன் பஸ்ஸும் ஏழு மணிக்கே போய்விட்டதாம். வருத்தத்துக்கு ஈடாக யோசனை சொன்னார். பெட்ரோல் ஏறவில்லை, டேங்கு மூடியைத் திறந்து வாயால் ஊத வேண்டும் என்றார். அப்பா ஊதினார். பெட்ரோல் நாற்றம் முகத்தில் அடித்து இருமினாரே ஒழிய, வண்டி இருமவில்லை. தள்ளி ஓட்டினால் கிளம்பும் என்றார் பால்காரர். அப்பா தள்ளிக்கொண்டு ஓடினார். மூன்று தடவை ஓடினார்.

"அண்ணா, ஓடாதீங்க," என்றாள் அத்தை. "உள்ள தண்ணி போயிருந்தா எஞ்சின் கெட்டுப்போகுமுங்க."

"நீ பைலை நனைக்காம அக்கட்டால தள்ளி நில்லு அம்மணி," என்றார் அப்பா. அவருக்கு மூச்சு வாங்கியது.

கார் வைத்திருக்கிற ஒரு சிநேகிதருக்குப் போன் போட்டார். கார் முகூர்த்தத்துக்குப் போயிருந்தது. இன்னொருவருக்குப் போட்டார். அவரே முகூர்த்தத்துக்குப் போயிருந்தார். கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடலாம் என்று முடிவுசெய்தார். மெக்கானிக்கின் கடை நூலகத்தை ஒட்டி இருந்தது. ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். ஊரில் மீசை வைத்த எல்லோரும் எனக்கு மாமாதான் என்பதால் அவரும் எனக்கு மெக்கானிக் மாமா. செல்லில் தேடிப் பார்த்துவிட்டு, அவருடைய நம்பரைப் பதிந்துவைக்காமல் போனேனே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை நம்பரைச் சொன்னாள்.

எதையும் பார்த்துச் சொல்லவில்லை. பத்து எண்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அப்பா திகைத்துப்போய் மறுபடியும் கேட்க, நிதானமாக இரண்டிரண்டாகச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எத்தனையோ ராஜாக்களின் வருஷங்களை மனப்பாடம் செய்தவளுக்கு ஒரு போன் நம்பர் எம்மாத்திரம் என்று பால்காரரைப் பார்த்தேன். அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்பா இரண்டாம் தடவை போட்டார்.

"இப்ப எடுக்க மாட்டாருங்க," என்றாள் அத்தை. "சர்ச்சுல இருப்பாரு. ஒம்பது மணிக்கு மேலதான் வெளிய வருவாரு."

சொல்லிவிட்டுச் சோளக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா செல்லைக் காதிலிருந்து எடுத்து அதன் திரையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டு இருவத்திரண்டு," என்றார்.

அத்தை பைலை என் கையில் கொடுத்தாள். துப்பட்டாவை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "சாவியைக் குடுங்கண்ணா," என்று கையை நீட்டினாள். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

முதலில் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். அப்பாவும் பால்காரரும் தூக்கினார்கள். வண்டி பின்காலில் நிற்கிற குதிரை மாதிரி நின்றது. சைலன்சரிலிருந்து தண்ணீர் ஒழுகியது, ஒழுகியது, ஒழுகிக்கொண்டே இருந்தது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு அது எப்படிக் கிளம்பும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

வண்டியின் பக்கவாட்டில் இருந்த மூடியைச் சாவி போட்டுத் திறந்தாள். அதற்குள் ஆர்சி புத்தகமும் இன்சூரன்ஸ் காகிதமும் மட்டும்தான் இருப்பதாக அப்பா நினைத்திருந்தார். காகிதங்களுக்கு அடியில் ஒரு ரெக்சின் பை இருந்தது. அதிலிருந்து குழாய் போன்ற ஒரு ஸ்பானரையும் ஒரு ஸ்குரூ டிரைவரையும் எடுத்தாள். எஞ்சினின் தலையில் தொப்பி போல் மாட்டியிருந்த ரப்பரை உருவி உதறினாள். அதிலிருந்தும் தண்ணீர் தெறித்தது. ஸ்பானரை உள்ளே விட்டுத் திருகி, பிளக்கைக் கழற்றித் துப்பட்டா நுனியில் பிடித்தாள்.

"இப்ப ஒதைங்கண்ணா. மெதுவா, நாலு ஒதை."

அப்பா உதைத்தார். பிளக் இருந்த ஓட்டையிலிருந்து தண்ணீரும் பெட்ரோலும் கலந்து புஸ்ஸென்று பீய்ச்சியடித்தது. பால்காரர் ஓர் எட்டுப் பின்வாங்கினார். நான் இரண்டு எட்டு முன்னால் போனேன்.

தீப்பெட்டி இருக்கிறதா என்று அத்தை பால்காரரைக் கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குச்சியைக் கிழிக்கப்போகிறாளோ என்று எல்லோருக்கும் பயம். அவள் பெட்டியின் சொரசொரப்பான பக்கத்தில் பிளக்கின் முனையை வைத்துத் தேய்த்தாள். கரி போய், முனை வெள்ளையாக மினுங்கியது. அதை ஊதி, துடைத்து, ரப்பர் தொப்பிக்குள் செருகி, எஞ்சின்மேல் படுக்கவைத்துப் பிடித்தாள்.

"கண்ணு, இங்க வா. பைலை இப்படிப் புடிச்சு நெழல் பண்ணு. நல்லாப் பாரு. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும்."

நான் குனிந்து நிழல் செய்தேன். அப்பா உதைத்தார். ஒன்றுமில்லை. அத்தை தொப்பியை மறுபடி கழற்றி, துப்பட்டாவைத் திரியாக முறுக்கி அதன் உள்ளே விட்டுத் துடைத்தாள். மறுபடியும் அப்பா உதைத்தார்.

நிழலுக்குள் ஒரு நீலப்பொறி தெறித்தது. ஊசிமுனை அளவுதான் இருக்கும். டிக்கென்று ஒரு சத்தம். தீபாவளிக்கு எவ்வளவோ மத்தாப்பு பார்த்திருக்கிறேன். ஆனால் தினமும் நான் உட்கார்ந்து போகிற வண்டிக்குள் இப்படி ஒரு மின்னல் குடியிருக்கிறது என்பதும், அதை அத்தை கைநீட்டி வெளியே எடுத்துக் காட்டுவாள் என்பதும் தெரிந்தபோது எனக்குப் புல்லரித்துப்போயிற்று. வந்திருச்சு, நீலமாக வந்திருச்சு என்று சொல்ல நினைத்தேன். ஆனால் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எட்டு முப்பத்தஞ்சு," என்றார் அப்பா. இந்தத் தடவை மெல்லத்தான் சொன்னார்.

பிளக்கை மாட்டிவிட்டு அத்தை ரோட்டிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். பரீட்சைக்கென்று இஸ்திரி போட்டுப் போட்டிருந்த சுடிதார். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்தினாள். சொட்டியதைத் தண்ணீர் பாட்டிலின் மூடியில் பிடித்து என்னிடம் காட்டினாள். மூடிக்குள் பெட்ரோல் தெளிவாகத் தளும்பியது. அதற்கு அடியில், தொட்டால் ஓடிவிடும்போல, கண்ணாடி மணிகளாகத் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. சூரியன் அதற்குள் விழுந்து மூடியே ஜொலித்தது.

"பாரு, பெட்ரோலு மேல, தண்ணி அடியில. இது உள்ள இருக்கற வரைக்கும் பொழுதோட வரைக்கும் ஒதைச்சாலும் வண்டி கெளம்பாது," என்றாள். கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். மணிகள் குறைந்தன. இன்னொரு தடவை பிடித்தபோது ஒன்றே ஒன்று உருண்டது. நாலாவது தடவை ஒன்றுமில்லை. திருகாணியை முடுக்கிக்கொண்டே, முகத்தில் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, தனக்குத்தானே பேசுகிறவள்போல் சொன்னாள்:

"வண்டிமேல தப்பில்லீங்கண்ணா. மூச்சு முட்டியிருக்குது, அவ்வளவுதானுங்க."

அது எனக்குத் தெரிந்த வாக்கியம். சர்வீஸுக்கு வண்டியை விடும்போதெல்லாம் அப்பாவோடு நானும் போவேன். எந்த வண்டி வந்தாலும், சொந்தக்காரர் எவ்வளவு பதறினாலும், மெக்கானிக் அதன்மேல் கையை வைத்து இதே வார்த்தைகளைத்தான் சொல்வார். அதே இழுவை, அதே 'அவ்வளவுதானுங்க'. எனக்கு இருந்த பூரிப்பில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அத்தை, நீங்க அப்படியே மெக்கானிக் மாமா மாதிரியே பேசறீங்க!"

அத்தையின் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்தபடியே இருந்தாள். அப்பா அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் ஒன்று பாலத்தின் மேல் போயிற்று. நான் சொன்னது சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பால்காரர் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, அம்மணி மெக்கானிக் வேலை படிச்சிருக்குதுங்களா?"

"படிக்கற புள்ளைங்க," என்றார் அப்பா, அத்தையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "கண்ணுல பட்டதையெல்லாம் படிச்சுக்கும்."

என்ன பொருத்தமான பதில் என்று நான் நினைத்தேன். பால்காரருக்கும் திருப்தி.

அத்தை எழுந்து, ஆக்சிலேட்டரைத் திருகாமல் உதைக்கும்படி அப்பாவிடம் சொன்னாள். அவளுடைய குரல் இறங்கிப்போயிருந்தது. முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு செருமல். மூன்றாவதில் வண்டி உடம்பெல்லாம் உதறிக்கொண்டு எழுந்தது. சைலன்சரிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி வந்தது. பால்காரர் அத்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். விளையாட்டுக்குக் கும்பிட்டாரோ நிஜமாகவே கும்பிட்டாரோ, நானும் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டேன். நான் நிஜமாகத்தான் கும்பிட்டேன்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அறுபது உதைக்குக் கிளம்பாத வண்டியை ஒரு பெண் கிளப்பிவிட்டாளே என்ற வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, நம்ம அத்தைதானே என்று அவரைச் சமாதானம் செய்யவும் ஆசைப்பட்டேன். தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். நான் கேட்டபிறகுதான் அப்பா மணி சொன்னார். எட்டு நாற்பத்தாறு.

உக்கடம் வரைக்கும் அவர் ஒரு தடவைகூட மணி சொல்லவில்லை. வழக்கமாக ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் நேரம் சொல்கிறவர். எனக்குத்தான் பேச நிறைய இருந்தது. நீலப்பொறியைப் பற்றிக் காற்றில் கத்திக்கொண்டே போனேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும்போது ஒன்பது இருபத்தாறு. வாட்ச்மேன் கேட்டில் ஒரு கதவை ஏற்கெனவே சாத்தியிருந்தார். அத்தை பாட்டில் தண்ணீரை ஊற்றி, ரோட்டோரத்து மண்ணை எடுத்துத் தேய்த்துக் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பைலை வாங்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அண்ணா," என்றாள்.

"மொதல்ல இதை எழுதீட்டு வா," என்றார் அப்பா. "மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். நான் எங்கயும் போக மாட்டேன், இங்கயேதான் இருப்பேன். பதறாம எழுது, போ."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. வருகிற வழியில் ஆறுகளும் போர்களும் மறந்துபோய்விட்டனவோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இரண்டாவது கதவும் சாத்தப்பட்டது. என் கன்னத்தில் பெட்ரோல் வாசம் ரொம்ப நேரம் இருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.

பிற்பாடு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி கழிந்து பல்லடத்துக்காரர்கள் வரவில்லை. வீட்டில் சில வாரங்கள் அப்பாவும் அத்தையும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். அப்பாவைச் சாப்பிட வரச்சொல் என்பாள் அவள், பசியில்லை என்று சொல் என்பார் அவர். இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அம்மா கைக்குழந்தையோடு திரும்பி வந்தபிறகு கதவைச் சாத்திக்கொண்டு நீண்ட பேச்சுகள் நடந்தன. சித்திரையில் பரீட்சை முடிவு வந்தது. அத்தைக்குத் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் ஆட்கள் இல்லை, சாமியும் வேறு என்பதால் ஒறம்பரைச் சொந்தங்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களை அப்பா வாசலில் நின்று வரவேற்றார். நேரம் தவறிவிடக்கூடாது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதற்கெல்லாம் நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வண்டி வழியில் நின்றுபோனதில் அப்பா மிகவும் பயந்துவிட்டார், ஆகவே இனி எப்போதும் கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு மெக்கானிக் இருக்கட்டும் என்று இப்படி ஏற்பாடு செய்துவிட்டார் என்பது என் கணக்கு. வகுப்பில் சிநேகிதிகளிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் தங்கள் அப்பாக்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், மாமா அத்தனையையும் எப்படிச் சொல்லித்தந்தார் என்று அத்தையிடம் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு எதையும் சொல்லித்தரலை கண்ணு. லைப்ரரி சன்னல்ல இருந்து நானா பாத்துக் கத்துக்கிட்டது. புரியாததை மட்டும் கேட்டேன். ஒன்னரை வருசம் கேட்டுக்கிட்டே இருந்தேன்," என்றாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, அது உண்மைதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கு இப்போதும் அடிக்கடி ஞாபகம் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிச்ச நேரம்தான். பரீட்சை முடிகிற வரைக்கும் அப்பா என்னைக் குளத்துக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மழைத்தண்ணீர் நிறைந்து, கறுப்பும் வெள்ளையுமாகப் பறவைகள் மிதந்துகொண்டிருந்தன. சுட்ட சோளக்கதிர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவர் எதுவும் சாப்பிடவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிப்போய் காரமடையிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். 'உனக்குத் தெரியுமா' என்றதும், சிறிது நேரம் கழித்து, 'எங்கிட்டச் சொல்றதுக்கென்ன, நான் என்ன பேயா' என்றதும்தான் காதில் விழுந்தன. தம்பிப் பாப்பாவைப் பற்றி ஏதோ என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ரோட்டில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு காய்ந்து அது பரிதாபமாக நின்றது. திரும்பிப் போகும்போது மறுபடியும் நின்றுவிடுமோ என்றுதான் அவர் கலங்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது.

"பயப்படாதீங்கப்பா," என்றேன். "நின்னா என்னங்க? அத்தைக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவங்களே பாத்துக்குவாங்க."

அப்பா வண்டியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அப்புறம் என் தலைமேல் கையை வைத்தார்.

"ஆமா சாமி," என்றார். "அவளே பாத்துக்குவா. நாமதான் வழியில நிக்காம இருக்கோணும்."

வண்டி வழியில் நிற்காமல் இருக்க வேண்டும் என்று சொல்ல வந்தவர் வாய் தவறி நாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, மீதிக் கதிரைத் திருப்பிவைத்துக் கடித்தேன்.